சத்தமில்லாத டிவியில் சூசையும் லூர்தும்

மாமா,

கண் ஆஸ்பத்திரியில் என் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுவிட்டு, "அரை மணி நேரம் கண்ணை மூடி இரு, கூப்பிடுவோம்" என்று நர்ஸ் அக்கா போய்விட்டார். நான் மூடவில்லை. விழித்திருக்கும்போது கண்ணை மூடி உட்காருவது எனக்கு எப்போதும் கஷ்டம். கையில் புத்தகம் இல்லாவிட்டால் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பையாவது வாசிப்பேன். அன்று அதற்கும் வழியில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்திருந்தேன். எழுத்துகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல நெளிந்தன. எதிர்ச் சுவரில் ஒரு டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பச்சையும் ஒரு மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கறுப்பாய், நீளமாய் ஓர் உருவம் வந்து பச்சையின் கழுத்தில் எதையோ மாட்டியது. மஞ்சள் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

அவ்வளவுதான் தெரிந்தது. ஆனால் என் வாய் தானாக அசைந்தது.

"பதினோரு நிமிசம் முந்திப் பொறந்தவனுக்கு மால. எனக்கு என்ன, புகையா?"

பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை, ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டியபடி அம்மாவின் மடியில் சாய்ந்திருந்தது. அது நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அக்கா, டிவி ஒங்களுக்குக் கேக்குதா? எனக்குக் கேக்கலியே."

"எனக்குக் கேக்கும்" என்றேன்.

"அப்ப அந்தப் பச்ச என்ன சொல்லுது?"

வாயைத் திறந்தேன், மாமா. ஒன்றும் வரவில்லை. பச்சை ஏதோ கேலியாகச் சொல்லும், அதைக் கேட்டு நாங்கள் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரிப்போம் என்பது நினைவிருந்தது. அந்தச் சொற்கள் இல்லை. பிள்ளை காத்திருந்தது. பிறகு அலுத்துப்போய் மறுபடி மடியில் சாய்ந்தது. அந்தச் சொற்கள் யாரிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். கண்ணில் மருந்து விட்டால் தனியாக வரக்கூடாது என்று அம்மாதான் ரெஜினைத் துணைக்கு அனுப்பியிருந்தாள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தோம், அவன் முன்படிக்குப் பக்கத்தில், நான் கடைசி சீட்டில். நாங்கள் பேசாமல் அன்றோடு இருபத்திரண்டு நாள்.

பச்சையும் மஞ்சளுமாய் டிவியில் வந்த அந்தக் கார்ட்டூன் ரயில்களுக்கு உண்மையில் என்ன பெயர் என்று அந்த நாளில் எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. எங்களுக்கு அவை சூசையும் லூர்தும். பச்சை சூசை, அண்ணன். மஞ்சள் லூர்து, தங்கச்சி. பதினோரு நிமிட வித்தியாசத்தில் பிறந்த இரட்டையர், ரெஜினையும் என்னையும் போல.

எங்களுக்கு ஆறு வயதாக இருக்கும்போது நீங்கள் முட்டத்திலிருந்து ஒரு பையோடு எங்கள் கோட்டாற்று வாடகை வீட்டுக்கு வந்தீர்கள். மஸ்கட் விசா இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று யாரோ ஒரு ஏஜென்ட் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா சவுதியில். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி. "விசா வாறவர எம் பிள்ளையளப் பாத்துக்கிடுலே" என்று அம்மா தன் கடைசித் தம்பியைக் கூப்பிட்டாள். இரண்டு மாதத்துக்கு என்று வந்தீர்கள், இரண்டு வருடம் இருந்தீர்கள்.

உங்கள் அண்ணன்மார் மூன்று பேரும் கடலுக்குப் போகிறவர்கள். உங்களுக்கு மட்டும் வள்ளத்தில் கால் வைத்தாலே வாந்தி. அதை யாரும் சொல்லிக்காட்டும் முன் நீங்களே சொல்லிவிடுவீர்கள். பெரிய மாமா உங்களைப் பற்றிச் சொன்னதை அவர் மாதிரியே மீசையைத் தடவிக்கொண்டு நடித்துக் காட்டுவீர்கள்: "வீட்டுப் பூனயக் கூட்டிட்டுப் போனாலும் ஒரு கயிறு பிடிச்சு இழுக்கும். இவனக் கொண்டு போனா இவனத்தான் பிடிச்சு இழுக்கணும்." அதைச் சொல்லும்போது உங்களுக்கு வருத்தம் இருந்ததா என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அப்போது சிரிக்க மட்டும்தான் தெரிந்தது.

அந்த வீட்டில் பெரியது ஒரே ஓர் அறைதான். கட்டிலும் டிவியும் அதில்தான். அம்மா காலையில் டூட்டி முடிந்து வந்து, குளித்து, நின்றபடியே இரண்டு இட்லி தின்று, போர்வையை உச்சந்தலைவரை இழுத்து மூடிக்கொண்டு படுப்பாள். "சத்தம் கேட்டுதோ, டிவியத் தூக்கி ரோட்டுல போட்டிருவேன்" என்று போர்வைக்குள்ளிருந்து கடைசியாக ஒரு குரல் வரும். கோடை விடுமுறை. வெளியே வெயில். ஊமையாய் ஓடிய டிவிக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் அழ ஆரம்பித்தோம். நீங்கள் எங்கள் நடுவில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"சத்தம் இல்லாட்டா என்ன மக்கா? வாயி அசையுதுல்லா. நான் பறையேன்."

அப்படித்தான் தொடங்கியது. திரையில் எந்த வாய் அசைந்தாலும் அதற்கு நீங்கள் ரகசியக் குரலில் பேச்சு கொடுத்தீர்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட ஸ்டேஷன் மாஸ்டர் உங்கள் கண்ணுக்குப் பங்குச் சாமியார். மலைமேல் தெரிந்த வீடு கோயில். திருவிழாவுக்கு பேண்ட் செட்டை ஏற்றி வரும் பெட்டியை யார் இழுப்பது என்பதுதான் சண்டை. சாமியார் வந்து சூசைக்கு மாலை போட்டுவிடுகிறார். லூர்துக்குக் கோபம். இரண்டு பேரும் முட்டிக்கொண்டு, ஆளுக்கொரு தண்டவாளத்தில் பிரிந்து போகிறார்கள். மழை வருகிறது. லூர்து ஒரு குகைக்குள் போய் ஒளிந்துகொள்கிறாள். சூசை மாலையோடு மலையெல்லாம் அலைந்து அவளைத் தேடுகிறான். ஒரு பாலத்தில் சந்திக்கிறார்கள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பெட்டியை இழுத்து வருகிறார்கள். முட்டத்துப் பேச்சில், மீன்காரர் ஏசும் ஏச்சில், அத்தனையும் மூச்சுக் காற்றால் மட்டும். ரயில் ஊதுகிற சத்தத்தைக்கூட உதட்டைக் குவித்து அம்மாவுக்குக் கேட்காமல் ஊதுவீர்கள்.

அந்த சானல் விடுமுறை முழுக்க அதே ஏழெட்டுக் கதைகளைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டது. இரட்டை ரயில் கதை வாரத்துக்கு இரண்டு தடவையாவது வரும். ஒவ்வொரு தடவையும் அதே சொற்களைச் சொல்ல வேண்டும் என்று உங்கள் உயிரை எடுத்தது நான்தான்.

"மாமா, முந்தாநாளு லூர்து 'புகையா'ன்னு கேட்டா. இன்னைக்கு 'கரியா'ன்னு கேக்குதா. தப்பு."

"ஏட்டி, ஒன்ன ஒரு பள்ளிக்கூடத்துல ஹெச்செம்மாப் போடச் சொல்லி கலெக்டருக்குக் கடிதாசு எழுதட்டா?"

"எழுதுங்க. ஆனா 'புகையா'தான்."

"செரி தாயே. புகை."

ரெஜினுக்கு சூசை பேசினால் போதும். லூர்து பேசும்போது அவன் கால் நகத்தைப் பிய்த்துக்கொண்டிருப்பான். நான் சூசை பேசும்போது அடுத்து லூர்து சொல்லப்போவதை உங்களுக்கு முன்னால் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரே கதையைத்தான் பார்த்தோம் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் உண்மையான ரயிலைக் காட்டுகிறேன் என்று பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து ஜங்ஷனுக்குக் கூட்டிப் போனீர்கள். நாங்கள் நின்ற பக்கம் கார்டு பெட்டிதான் இருந்தது. ரெஜின் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "மாமா, இதுக்கு மூஞ்சியே இல்ல."

"மூஞ்சி அந்தத் தலைப்புல இருக்கு மக்கா."

"வாங்க, அங்க போவோம்."

வெயிலில் இருபது பெட்டிக்கும் மேல் நடந்தோம். எஞ்சின் பக்கம் போய் நின்றால் அங்கேயும் கண் இல்லை, வாய் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் உங்களை நிமிர்ந்து பார்த்தோம். நீங்கள் கொஞ்சமும் அசரவில்லை. "டூட்டில இருக்கு. டூட்டில இருக்கும்போ மூஞ்சிய உள்ள இழுத்து வச்சிரும். ஒங்க அம்மையப் பாக்கலியா?" என்றீர்கள். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவின் முகத்தை நாங்கள் எவ்வளவு உற்றுப் பார்த்தோம் தெரியுமா?

எங்களுக்கு எட்டு வயதானபோது விசா வந்தது. மஸ்கட்டிலிருந்து வெள்ளிக்கிழமை லீவு நாளில் அம்மாவின் போனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவீர்கள். அங்கேயும் அறையில் நைட் ஷிப்ட் ஆட்கள் உறங்கிக்கொண்டிருந்ததால் அதே ரகசியக் குரல்தான். "மக்கா, சூசைக்கு மஸ்கட்ல வேல கெடச்சாச்சு கேட்டியளா? இங்க தண்டவாளமே இல்ல. மணலுல ஓடச் சொல்லுதானுவ, சவத்துப் பயலுவ." பின்னணியில் யாரோ குறட்டை விடுவது கேட்கும். நாங்கள் வளர்ந்த பிறகும் நீங்கள் அனுப்புவதை நிறுத்தவில்லை. நாங்கள்தான் உடனே கேட்பதை நிறுத்தினோம். ரெஜின் கிரிக்கெட் விளையாடப் போனான். நான் நூலகப் புத்தகத்தில் இருந்தேன். "பொறவு கேக்கேன்மா" என்று எத்தனை தடவை சொன்னேன் என்பதை எண்ண முடிந்தால் எண்ணியிருப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம், வேலை செய்யும் இடத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. உங்களுக்கு முப்பத்தைந்து வயதுகூட நிறைந்திருக்கவில்லை. ஒன்பதாவது நாள் உங்களை முட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா கல்லறைத் தோட்டத்து மணலில் உட்கார்ந்துவிட்டாள். என்னை இரண்டு அத்தைமார் பிடித்திருந்தார்கள். ரெஜின் எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தை நான் பார்த்தேன். அது காய்ந்திருந்தது.

அதற்குப் பிறகு அம்மா புதுப் போன் வாங்கினாள். பழையதைச் சேலைகளுக்கு நடுவில் பீரோவில் வைத்தாள். திரை கீறியிருந்தாலும் அதில் உங்கள் குரல் பதினேழு துண்டுகளாக மிஞ்சியிருந்தது. மாதத்துக்கு ஒன்றுதான் கேட்பது என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். அடிக்கடி கேட்டால் பாடம் மாதிரி ஆகிவிடும், அப்புறம் நீங்கள் பேசுவது கேட்காது, மனப்பாடம்தான் கேட்கும் என்று பயம். போன மாதத்துக்கு உரியதைக் கேட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அந்தப் போனைத் தேடினேன். அது ரெஜினின் மேஜையில் இருந்தது. ஆன் பண்ணினேன். புதுசாகக் கடையிலிருந்து வந்ததுபோல, எந்த மொழி வேண்டும் என்று என்னைக் கேட்டது.

"என்னல பண்ணின?"

"பார்மட் ஆயிட்டு" என்றான் ரெஜின். தலையைத் தூக்கவில்லை.

"ஆயிட்டா? கேம் போடதுக்கு எடுத்தியா? மாமா பேசினது எல்லாம் அதுலதான இருந்தது!"

"தெரியும்."

அந்தத் 'தெரியும்' என்னை என்னவோ செய்துவிட்டது, மாமா. நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் உங்களிடம் மறைக்க முடியாது. "மாமாவ அடக்கும்போ நீ அழவே இல்ல. ஒரு சொட்டு அழல. ஒனக்கு இது ஒரு பழைய போனு, அவ்வளவுதான்" என்றேன். அவன் எழுந்து வெளியே போனான். அன்றிலிருந்து இருபத்திரண்டு நாள்.

ஒரே வீட்டில் பேசாமல் இருப்பது எளிதில்லை. எல்லாம் அம்மா வழியாகப் போனது. "அம்மா, சோறு எடுத்து வைக்கட்டான்னு அவன்கிட்ட கேளுங்க." "அம்மா, என் ஜியாமெட்ரி பாக்ஸ எடுத்தாளான்னு கேளுங்க." ஒருநாள் அம்மா கரண்டியைத் தட்டில் போட்டாள். "அவன் ஒனக்கு ஒரு முழம் தள்ளித்தான இருக்கான்? நான் என்ன போஸ்ட்மேனா? டூட்டி பாத்துட்டு வந்தவ உறங்கண்டாமா?"

அந்த நிலைமையில்தான் கண் ஆஸ்பத்திரி.

பரிசோதனை முடிந்து வெளியே வந்தபோது வெயில் கண்ணுக்குள் ஊசி போல ஏறியது. படி எங்கே முடிகிறது என்று தெரியாமல் நின்றேன். யாரோ என் பையின் வாரைப் பிடித்து இழுத்தார்கள். ரெஜின். கையைப் பிடிக்கவில்லை, வாரை மட்டும். ஆட்டை ஓட்டிக்கொண்டு போவது போல ரோட்டைக் கடத்தினான். பஸ் ஸ்டாப்பில் நான் கையால் கண்ணை மறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்து மூக்குவரை இழுத்துவிட்டான். எல்லாம் ஒரு வார்த்தை இல்லாமல்.

பஸ்ஸில் எனக்கு சீட் கிடைத்தது. அவன் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றான். தொப்பிக்குள் இருட்டாக இருந்தது. அந்த இருட்டு எனக்குத் தைரியம் கொடுத்தது.

"பச்ச என்ன சொல்லும்?" என்றேன்.

அவன் திரும்பவில்லை. கேட்கவில்லையோ என்று நினைத்தேன். மறுபடி சொன்னேன், இந்தத் தடவை முழுதாக. "பதினோரு நிமிசம் முந்திப் பொறந்தவனுக்கு மால. எனக்கு என்ன, புகையா?"

ஜன்னலைப் பார்த்தபடியே அவன் சொன்னான். யோசிக்கக்கூட இல்லை.

"ஏட்டி, நீ உள்ள கெடந்து ஒறங்கினது என் குத்தமா?"

அதுதான், மாமா. அதேதான். பக்கத்துச் சீட்டு அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தார். எனக்கு ஆறு வயதுச் சிரிப்பு வந்துவிட்டது. கடிக்கத் தலையணை இல்லை, தொப்பியின் நுனியைக் கடித்தேன். ரெஜின் சிரிக்கவில்லை. இரண்டு ஸ்டாப் தாண்டிய பிறகுதான் கேட்டான்.

"எந்தப் பச்ச?"

"அந்தக் கத ஆஸ்பத்திரி டிவில ஓடுது."

"எந்த சானலு?"

"எனக்குக் கண்ணு தெரியலல்லா."

"சவம். அதக்கூடப் பாக்காம வந்திருக்கு."

அவன் என்னை ஏசியதும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

வீட்டில் அம்மா போர்வைக்குள் இருந்தாள். இப்போது வேறு வீடுதான். அறை கொஞ்சம் பெரிது. அதே நைட் டூட்டி, அதே போர்வை. கட்டிலுக்குக் கீழே தரையில் சாய்ந்து உட்கார்ந்து, ரெஜின் தன் போனில் என்னென்னவோ போட்டுத் தேடினான். கடைசியில் கிடைத்தது. இயர்போனில் ஒன்றை அவன் காதில் வைத்து, மற்றதை என்னிடம் நீட்டினான். பத்து வருடத்தில் முதல் தடவையாக அந்த ரயில்கள் உண்மையில் என்ன பேசின என்று கேட்டோம்.

நல்ல சுத்தமான தமிழில் பேசின, மாமா. செய்தி வாசிப்பது போல. பெயர் டிட்டு, கிட்டு. அவர் ஸ்டேஷன் மாஸ்டரேதான், சாமியார் இல்லை. பச்சையின் கழுத்தில் மாட்டியது மாலை இல்லை, ஒரு மணி. பொம்மைக் கடைக்குச் சாமான் ஏற்றிப் போகத்தான் அத்தனை சண்டை. பாலத்தில் நின்று ஒன்றை ஒன்று பார்த்து, "என்னை மன்னித்துவிடு, தம்பி" "இல்லை அண்ணா, நீ என்னை மன்னித்துவிடு" என்றன.

ரெஜின் போனை நிறுத்தினான். "தம்பியா?"

மறுபடி ஓடவிட்டோம். தம்பிதான்.

"ரெண்டும் பயலுவ!" என்றான் ரெஜின்.

உங்களுக்கும் சத்தம் கேட்கவில்லை, அதனால் தெரியாமல் சொன்னீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நான் நன்றாகப் பார்த்தேன். மஞ்சளின் மூக்குக்குக் கீழே ஒரு குட்டி மீசை வரைந்திருக்கிறார்கள். தெளிவாகத் தெரிகிறது. ஆறு வயதில் நான் அதைக் கேட்டிருப்பேன், நிச்சயம் கேட்டிருப்பேன். நீங்கள் ஏதோ சமாளித்திருப்பீர்கள், கரி ஒட்டியிருக்கிறது என்றோ என்னவோ. ஒரு பக்கம் ரெஜினும் மறுபக்கம் நானும் உட்கார்ந்திருக்க, மீசை வைத்த ரயிலை எனக்காக லூர்து ஆக்கினீர்கள்.

ரெஜின் இயர்போன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். "அந்தப் போன நான் கேமுக்கு எடுக்கல" என்றான்.

"பின்ன?"

"கேக்கதுக்குத்தான். நீ டியூஷன் போனப்பொறவு தெனமும் கேப்பேன். அன்னைக்கு அப்பிடியே நின்னுட்டு. கம்பெனிப் பேரு மட்டும் வந்து வந்து போச்சு. ஒரு வீடியோ பாத்து, அதுல சொன்னபடி ரெண்டு பட்டன அமுக்கிப் பிடிச்சேன். சரியாவும்னு சொன்னான்." சுற்றிய ஒயரை அவிழ்த்தான். "சரியாச்சு. உள்ள ஒண்ணும் இல்ல."

"ஏன் சொல்லல?"

"நீ சொல்ல விட்டியா?"

நான் மாதத்துக்கு ஒன்று என்று சேமித்து வைத்ததை அவன் தினமும் கேட்டிருக்கிறான். எனக்கு வெட்கமாக இருந்தது. "அடக்கத்தப் பத்தி நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். அவன் காது சிவந்தது. "விடுட்டி" என்றான். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டால் அவன் எழுந்து போய்விடுவான்.

பிறகு அவன்தான் இயர்போனைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சத்தத்தை முழுவதும் குறைத்தான். "நீ லூர்து சொல்லு. நான் சூச."

ரகசியக் குரலில் தொடங்கினோம். என் நினைவில் ஓட்டையாக இருந்த இடங்களை அவன் நிரப்பினான். அவனிடம் லூர்து சொன்னது ஒரு வரிகூட இல்லை. இடையில் சண்டையும் வந்தது. குகைக்குள் லூர்து "நான் இனி கப்பலாப் போறேன்" என்பாள் என்று நான் சொன்னேன். அப்படி ஒரு வரியே கிடையாது, நான் புத்தகம் படித்துப் புத்தகம் படித்து இட்டுக்கட்டுகிறேன் என்றான் அவன். ஒருவேளை அப்படியும் இருக்கலாம். அந்த வரியை நான் இன்னும் விடவில்லை.

பாலம் வந்தது. மழைக்குள் பச்சை இந்தப் பக்கமிருந்தும் மஞ்சள் அந்தப் பக்கமிருந்தும் வந்து நின்றன. இரண்டின் கண்ணும் திரை நிறைய. வாய்கள் அசைந்தன. நாங்கள் இரண்டு பேரும் சும்மா இருந்தோம்.

"சொல்லு" என்றேன்.

"நீ சொல்லு. லூர்துதான மொதல்ல பேசுவா?"

"இல்ல. சூசதான்."

பின்னால் இழுத்து மறுபடி போட்டான். மறுபடியும் இரண்டு பேரும் மற்றவர் வாயைப் பார்த்தோம். மூன்றாவது தடவையும் அப்படித்தான். அந்த இடத்துக்கு எங்கள் இருவரிடமும் ஒரு சொல்கூட இல்லை. கதையிலேயே பெரிய இடம் அது. அதைப் போய் எப்படி இரண்டு பேரும் தொலைத்தோம்? போனில் பதினேழும் போனபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. அதை ஒரு பட்டன் அழித்தது. இதை நாங்களே அழித்திருக்கிறோம் என்று தோன்றியது.

"அங்க அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

கட்டிலிலிருந்துதான் குரல் வந்தது. போர்வை விலகவில்லை.

"அம்மா, ஒறங்கலியா?"

"ஒங்க கூத்துக்கு நடுவுல யாருக்கு ஒறக்கம் வரும்? அப்பமும் வராது. அவன் பறையதக் கேட்டுட்டுத்தான் கெடப்பேன். சிரிச்சா நீங்க நிறுத்திருவியன்னு போர்வையக் கடிச்சிட்டுக் கெடப்பேன்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அம்மா போர்வைக்குள்ளிருந்தே தொடர்ந்தாள்.

"அந்தப் பாலத்துல அவன் வாயத் தொறக்க மாட்டான். ஒங்க ரெண்டுபேரு தலையையும் ஆளுக்கொரு கையால பிடிச்சு, ஒண்ணோட ஒண்ணு முட்டிப் பிடிச்சு வச்சிருப்பான். பாலம் தாண்டுறவர விட மாட்டான். நான் போர்வ இடுக்கு வழியாப் பாத்திருக்கேன்." அவள் குரல் கரகரத்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "சத்தம் போடாமப் பாருங்க, மக்கா."

அப்போதுதான் எனக்கு வந்தது, மாமா. முதலில் ஒரு வலியாக வந்தது, இடது நெற்றியோரத்தில். ரெஜினின் மண்டை கல் மாதிரி. உங்கள் உள்ளங்கை என் காதை முழுவதும் மூடிவிடும். காதுக்குள் கடல் போல ஒரு சத்தம் கேட்கும். திரையில் மழை பெய்யும். அதனால்தான் எங்களிடம் சொல் இல்லை. இருந்ததே இல்லை.

அது அந்தப் பதினேழு துண்டில் எதிலும் இருந்திருக்க முடியாது என்று தெரியும். ஆனாலும் எனக்கு உங்கள் குரல் வேண்டும். அது போதும், இது போதும் என்று நான் பொய் எழுத மாட்டேன். வெள்ளிக்கிழமை வந்தால் இப்போதும் ஒரு தடவை அம்மாவின் போனைப் பார்க்கிறேன். 'பொறவு கேக்கேன்' என்று சொன்ன வெள்ளிக்கிழமைகளில் ஒன்றையாவது திரும்பக் கொடுத்தால், அந்தக் குறட்டையோடு சேர்த்துக் கேட்பேன்.

ரெஜின் பாலத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான். இந்தத் தடவை நாங்கள் வாயைத் திறக்கவில்லை. பதினாறு வயதில் தலையை முட்டிக்கொள்ள இரண்டு பேருக்கும் கூச்சம். ஆனால் போன் சின்னது, இருவரும் பார்க்க வேண்டுமானால் நெருங்கித்தான் ஆக வேண்டும். அவன் தலையின் சூடு என் நெற்றியில் பட்டது. அவன் கன்னம் ஈரமாக இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சையும் மஞ்சளும் பாலத்தின் நடுவில் நின்றன. அம்மாவின் மூச்சு கேட்டது, உறங்குகிறவளின் மூச்சு போல இல்லை. பிறகு மழை நின்றது.

"வா ஏட்டி, நேரமாச்சு" என்றான் சூசை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அடுத்தது என் முறை. அதை நான் மறந்ததே இல்லை.

"வாறேன். ஆனா நான்தான் முன்னால."

உங்கள் ரகசியக் குரலில் சொல்லத்தான் பார்த்தேன், மாமா. என் குரலில்தான் வந்தது.